மதகு வரைக்கும்

எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் கிளப்பிவிட்டது யார் என்று விசாரித்தால் நான்தான் என்று தெரியவரும். யார் கல்யாணத்தில் மூன்றாம் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது, சித்தி வளைகாப்புக்கு என்ன நிறத்தில் பட்டு எடுத்தார்கள், எதிர்வீட்டுப் பசு எந்த வெள்ளிக்கிழமை கன்று போட்டது, எல்லாம் சொல்வேன். கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். முப்பத்து மூன்று வருஷம் தஞ்சாவூரில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கேட்காத பிள்ளைகளுக்குச் சொல்லியே பழகிய வாய் இது. இந்த வாய்தான் போன வருஷம் என்னை மாட்டிவிட்டது.

எல்லாவற்றையும்விடத் துல்லியமாக எனக்கு ஞாபகம் இருப்பது என் அப்பா செத்துப்போன அன்றைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஒரே ஒரு நீளத் தெரு, தெருமுனையில் வாய்க்காலின் மேல் ஒரு மதகு. மதகைத் தாண்டி வாய்க்கால் கரையிலேயே போனால் ஆற்றோரத்தில் சுடுகாடு. கரை குறுகலாக இருந்ததால் பாடையைத் தூக்கியவர்கள் ஒருக்களித்து நடந்தார்கள். அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. அண்ணனுக்குப் பதினான்கு வயசு. கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான், புகை அவன் முகத்திலேயே அடித்தது. வீசிய பொரி வாய்க்கால் தண்ணீரில் விழுந்து மிதந்துகொண்டே கூட வந்தது. பாதி வழியில் ஒரு பனைமரம் இருந்தது, அங்கே தோள் மாற்றிக்கொண்டார்கள்.

இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அப்பாவின் திதிக்குத் திதி சொல்வேன். என் மகள் சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "என்னம்மா, பொரி மிதந்துடுச்சா?" எனக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லி முடிக்காமல் விடமாட்டேன். அப்பாவின் முகம்கூட எனக்குப் போட்டோவில் இருக்கிற முகம்தான். அந்தக் கரையில் போன அப்பா மட்டும்தான் போட்டோ இல்லாமல் என்னிடம் இருக்கிற அப்பா. அதை எப்படி விடுவேன்?

போன ஐப்பசியில் ஒருநாள் காலையில் ஊரிலிருந்து என் சின்ன வயசுத் தோழி வந்தாள். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவள் வீடு. என்னைவிட இரண்டு வயசு சின்னவள், அந்தக் காலத்தில் என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருப்பாள். அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு, புருஷனும் அவளுமாக ஆறு மா நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்து, பிள்ளைகளைக் கரை சேர்த்தவள். மஞ்சள் பை நிறையக் கொத்தவரங்காயைக் கொண்டுவந்து என் சமையல் மேடையில் கொட்டிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவரு இனிமே தேற மாட்டாரு. வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடுங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

"ஐயோ, என்னடி சொல்றே!"

"அழுது முடிச்சுட்டேங்கா. இப்ப வந்தது வேற விஷயம்."

விஷயம் இதுதான். வாய்க்கால் கரையை ஒட்டிய வயல்களை வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவன் வாங்கியிருக்கிறான். ஆடு மாடு வராமல் கம்பிவேலி போட்டபோது, கரையும் தன் பட்டாவில்தான் வருகிறது என்று அதையும் உள்ளே சேர்த்துக் கட்டிவிட்டான். அதிலிருந்து யார் செத்தாலும் வயலில் இறங்கி, பயிரில் மிதித்து, சேற்றில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ரோடு வழியாகச் சுற்றினாலும் கடைசியில் வயலில் இறங்காமல் முடியாது. முந்தின வருஷம் கார்த்திகை மழையில் அவளுடைய மாமனார் செத்துப்போனார். தலைமாட்டில் தூக்கியது அவள் புருஷன். நடுவயலில் அவருக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, பெற்ற தகப்பன் சேற்றில் விழுந்துவிட்டார். வாயிலும் மூக்கிலும் சேறு. இவர்தான் தன் துண்டால் துடைத்துத் திரும்பக் கிடத்தியிருக்கிறார்.

"அன்னையிலேருந்து ஒரே பேச்சுதான்க்கா. 'என்னைச் சேத்துல போட்டுடாத, சத்தியம் பண்ணு, சத்தியம் பண்ணு'ன்னு கையப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குறாரு. நானும் பண்ணிக் குடுத்துட்டேன். எந்தத் தைரியத்துல பண்ணேன்னு தெரியல."

தெருவில் மனு கொடுத்திருக்கிறார்கள். ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், விசாரணைக்கு வரப்போகிறார். வரைபடத்தில் பாதை இல்லை. அதனால் அந்தக் காலத்தில் கரை வழியாகத்தான் போனார்கள் என்று நேரில் பார்த்த பெரியவர்கள் யாராவது வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

"தெருவுல இருக்குற கெழவனுங்க எல்லாம் அவன் நெலத்தைத்தான் உழுவுறானுங்க. வாயத் தொறப்பானுங்களா? நீங்கதான் ஒங்க அப்பா சாவ அப்படியே படம் புடிச்ச மாதிரி சொல்லுவீங்களே. அத வந்து ஒரு தடவ சொல்லுங்க, போதும்."

"இதுக்கா பஸ் ஏறி வந்தே? போன் பண்ணியிருந்தா நானே ஓடிவந்திருக்க மாட்டேனா?" என்று சொல்லி, காபி போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றியும் விட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது அந்த நேரம்தான்.

விசாரணை கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்து வாசலில் நடந்தது. நான் போய் இறங்கியதும் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டவனைப் பார்த்தால், தெரிந்த முகம். "வணக்கம் டீச்சர். நல்லா இருக்கீங்களா?" என்றான். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பன்னிரண்டு வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்து நிலம் வாங்கியவன் இவன்தான். கெட்ட பையன் என்று சொல்ல முடியாது. அவனைத் திட்டுவதற்கு நான் பஸ்ஸில் தயார்செய்து வைத்திருந்த வாக்கியங்களெல்லாம் வீணாகிவிட்டன.

எழுந்து நின்று சொன்னேன். கால் விரல் கட்டு, புகை, பொரி, பனைமரம், ஒன்று விடவில்லை. வருவாய் ஆய்வாளர் எழுதிக்கொண்டே வந்தார். தெருப் பெண்கள் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். என் தோழி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகச் சொன்னேன். முடித்துவிட்டு உட்காரும்போது அவன் கையை உயர்த்தினான், வகுப்பில் தூக்குவது மாதிரியே.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ஒரே ஒரு சந்தேகம்."

"கேளுப்பா."

"நம்ம ஊருல பொம்பளைங்க மதகோட நின்னுடுவாங்களே. சுடுகாட்டுக்கு யாரும் வர்றதில்லையே. நீங்க எப்படி டீச்சர் கூடவே போயிப் பாத்தீங்க?"

ஐம்பது வருஷமாக இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் கேட்டதில்லை. உப்புப் போட்டாயா என்பதற்குக்கூட எதிர்வாதம் செய்கிற என் மகள் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எங்கள் தெருவில் பெண்களுக்கு மதகுதான் எல்லை. மதகு வரைக்கும் மாரில் அடித்துக்கொண்டு போவோம், பாடை மதகைத் தாண்டியதும் திரும்பிவந்து வீட்டைக் கழுவிவிட்டுத் தலைமுழுகுவோம். சின்னப் பெண்ணாக இருந்தாலும் அதே சட்டம்தான். என் அம்மாவே மதகைத் தாண்டவில்லை. நான் எப்படித் தாண்டியிருப்பேன்?

வருவாய் ஆய்வாளர் பேனாவை மூடினார். "அம்மா, இது நேர்ல பாத்ததா, கேள்விப்பட்டதா? நேர்ல பாத்ததுன்னாத்தான் இதுல எழுத முடியும்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன்.

"சரிங்கம்மா. நான் அடுத்த மாசம் மறுபடி வருவேன். அன்னைக்குச் சொல்லுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அவமானத்தில் காது சுட்டது. பரிசோதனை நோட்டில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது, பக்கத்துப் பையன் பார்த்ததை எழுதாதே என்று சொல்லி இதே பையன் காதைத் திருகியிருக்கிறேன். நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் வேறு வேலையே செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, அந்தக் கரையில் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடினேன். அப்பாவின் கட்டைவிரல் கட்டு தெரிய வேண்டுமென்றால் பாடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அண்ணன் முகத்தில் புகை அடிப்பது தெரிய வேண்டுமென்றால் அவனுக்கும் முன்னால் நிற்க வேண்டும். பொரி மிதப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரோரம் குனிய வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று இடத்திலும் நின்று பார்க்க நான் என்ன கொக்கா, வாய்க்காலுக்கு மேலே பறந்துகொண்டே போக? படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள். நான் மட்டும் எங்கேயும் இல்லை, மதகில்கூட இல்லை. என் காலுக்குக் கீழே தரை இல்லை.

சரி, இது அண்ணனுடைய ஞாபகமாகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வந்தேன். அவன்தானே கொள்ளி வைத்தவன். வீட்டுக்கு வந்து சொல்லியிருப்பான், நான் வாங்கிக்கொண்டிருப்பேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அந்தக் கதையாக அவன் பார்த்ததை எடுத்து நான் ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிப் பரிமாறியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஒரு நிம்மதி. அண்ணன் பார்த்தது என்றால் அது நடந்தது. அண்ணன் தவறிப்போய் மூன்று வருஷமாகிறது. அவன் என்ன சொன்னான் என்று அண்ணியாவது சொன்னால், வருவாய் ஆய்வாளரிடம் அதையாவது சொல்லிப் பார்க்கலாம் என்று மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணி முட்டிவலித் தைலம் தேய்த்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அப்பாவ எந்த வழியா தூக்கிட்டுப் போனாங்கன்னு அண்ணன் உங்ககிட்ட எதாவது சொல்லியிருக்காரா அண்ணி?"

"அவருக்கு அன்னைக்கு நடந்ததுல ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா. பொகையில கண்ணே தொறக்க முடியல, யாரோ முதுகுல கைய வச்சுத் தள்ளிக்கிட்டே போனாங்கன்னு மட்டும் சொல்லுவாரு. மத்ததெல்லாம், என் தங்கச்சியக் கேளு, அவதான் எல்லாத்தையும் பாத்தவன்னுதான் சொல்லுவாரு. நீ சொல்லிச் சொல்லித்தான் அவருக்கே தெரியும்."

நான் அவனிடம் வாங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தால், அவன் என்னிடம் வாங்கியிருக்கிறான். அப்படியானால் முதல் முதலில் இது யாருடையது? நானே உட்கார்ந்து இட்டுக்கட்டினேனா? அப்படிக் கட்டியிருந்தால் அப்பா போன வழி எது? அப்பாவே போனாரா என்றுகூட ஒரு நிமிஷம் புத்தி கெட்டுப்போய் யோசித்தேன்.

"பொம்பளைங்க மதகோட நின்னுடுவாங்கல்ல அண்ணி. அப்ப நான் மட்டும் எப்படிப் பாத்தேன்?"

அண்ணி டிவி சத்தத்தைக் குறைத்தார். "அட, ஆமா!" என்றார். தைலத்தை மூடி வைத்துவிட்டு, "சின்னப் பொண்ணுதானே, யாருக்கும் தெரியாம பின்னாலயே ஓடியிருப்ப. நீதான் அந்தக் காலத்துல அடங்காப்பிடாரின்னு அவரு சொல்லுவாரே" என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டேன். ஓடியிருக்கலாம், ஏன் கூடாது? மயிலாடுதுறையில் பஸ் ஏறியபோது அது ஒரு சாத்தியமாக இருந்தது. கும்பகோணம் வந்தபோது ஓடித்தான் இருப்பேன் என்று தோன்றியது. தஞ்சாவூர் வருவதற்குள் பச்சைப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேலிக்காத்தான் முள் கீறிய காலோடு நான் கரையில் ஓடுவதே தெரிய ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. காலையில் இல்லாத ஓட்டம் சாயங்காலத்துக்குள் எங்கிருந்து வந்தது? பச்சைப் பாவாடை எங்கிருந்து வந்தது? நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன்.

மறுநாள் தோழிக்குப் போன் செய்தேன். அன்றைக்கு மதகில் நின்ற கூட்டத்தில் அவளும் இருந்திருப்பாளே. "ஏன்டி, அப்பாவத் தூக்கிட்டுப் போனப்ப நான் பின்னால ஓடினேனா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா? பாதை இருந்துச்சுல்ல? அது நெசந்தானே? இங்க இவரு கஞ்சிகூட முழுங்க மாட்டேங்குறாரு. ஆர்.ஐ. வர்றப்ப பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க."

"என்னைப் பொய் சாட்சி சொல்லச் சொல்றியா?" என்று கத்திவிட்டேன்.

"அப்ப இத்தன வருஷமா நீங்க சொன்னது பொய்யா அக்கா?" என்றாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்க என் மேலேயே எனக்கு எரிச்சல்.

வருவாய் ஆய்வாளர் சொன்ன தேதி வருவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது. கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாவது நாள் விடியும்போது அவள் மகன் போன் செய்தான். "பெரியம்மா, அப்பா போயிட்டாரு."

நான் போய்ச் சேரும்போது மழை விட்டிருந்தது. வயலெல்லாம் வெள்ளக்காடு. சம்பா நாற்று நட்டுப் பச்சை பிடித்திருந்த நேரம், பயிரின் தலை மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மத்தியானம் எடுத்தார்கள். தெரு வழியே வந்த பாடை மதகில் நின்றுவிட்டது. இடதுபக்கம் இறங்கினால் தொடை அளவு சேறு. நேர் எதிரே மேடாக, ஈரம்கூட அதிகம் இல்லாமல் வாய்க்கால் கரை. அதன் வாயில் நாலு வரிசைக் கம்பி.

தூக்கியிருந்த இளவட்டங்கள் கம்பியை அறுத்துவிடலாம் என்றார்கள். பெரியவர்கள் வேண்டாம், கேஸ் ஆகிவிடும், இறங்கு வயலில் என்றார்கள். என் தோழி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்த இடம் வலித்தது.

கம்பிக்கு உள்பக்கம் என் பழைய மாணவன் நின்றுகொண்டிருந்தான். சாவுக்கு வந்தவன் மாதிரி தோளில் துண்டோடு, செருப்பில்லாமல். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தான்.

"டீச்சர், நான் மனுஷன் இல்லாதவன் இல்ல. ஆனா இல்லாத பாதைய இருந்துச்சுன்னு சொன்னா நான் எப்படி ஒத்துக்கறது? நாளைக்கு என் நெலத்துல ஊரே ரோடு கேக்கும். நீங்க சொல்லுங்க. பேப்பர் வேணாம், ஆர்.ஐ. வேணாம். ஒங்க அப்பா இந்தக் கரையில போனத ஒங்க கண்ணால பாத்தீங்களா? பாத்தேன்னு சொன்னீங்கன்னா இப்பவே அறுத்து விட்டுடறேன். திரும்பக் கட்ட மாட்டேன்."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பாடையைத் தூக்கியிருந்தவர்களுக்குத் தோள் நடுங்கியது. நான் எனக்குள்ளே பார்த்தேன். கட்டைவிரல் கட்டு இருந்தது, பொரி இருந்தது, பனைமரம் இருந்தது. இத்தனை நாளாகச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு எதையும் என்னால் அழிக்க முடியவில்லை. பார்த்தது என்றால் என்ன, வேறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதுதான் சரியான பதில். என் முழங்கையில் அவளுடைய பிடி இறுகியது.

"பாத்தேன்" என்றேன்.

"சத்தியமா டீச்சர்?"

"பாத்தேன்னு சொல்றேன்ல? அறுடா!"

அவன் என்னை இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தான். நம்பினானா, நம்ப வேண்டும் என்று அவனுக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மோட்டார் கொட்டகைக்குப் போய்க் குறடை எடுத்துவந்து நாலு கம்பியையும் அறுத்து, சுருட்டி ஓரமாக இழுத்துப் போட்டான். அவனே முதல் ஆளாக நகர்ந்து வழிவிட்டான். தாரையும் தப்பட்டையும் திரும்ப ஆரம்பித்தன. ஆண்கள் கரையில் ஏறினார்கள். பெண்கள் மதகோடு நின்றோம்.

என் தோழி திரும்பிக்கொண்டாள். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நான் பாக்க மாட்டேங்கா. நீங்க பாத்துச் சொல்லுங்க. கரையிலதான் போறாங்களா?" என்றாள்.

"கரையிலதான். கம்பி இருந்த எடத்தத் தாண்டிட்டாங்க. ஒருக்களிச்சு நடக்கறாங்க. ஒன் மகன் முன்னால போறான்."

அவள் உடம்பு குலுங்கியது. என் தோளுக்குள்ளேயே பேசினாள். "அன்னைக்கு நீங்களும் இப்படித்தான்க்கா. கண்ணையே தொறக்கல. இங்கேயே நின்னு, என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, எங்கடி போறாங்க சொல்லு, எங்கடி போறாங்க சொல்லுன்னீங்க. நான்தான் பாத்துப் பாத்துச் சொல்லிக்கிட்டே நின்னேன்."

"அடிப்பாவி, இத ஏன்டி முன்னாலயே சொல்லல? நீயே போய்ச் சொல்லியிருக்கலாமே ஆர்.ஐ. கிட்ட!"

"நான் சொன்னா எடுபடுமா? நீங்க பாத்ததுன்னாத்தானே எடுபடும்."

அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. மதகில் நின்ற ஒன்பது வயசுப் பெண்ணுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து கட்டைவிரல் கட்டு எப்படித் தெரிந்தது? தண்ணீரில் போன பொரி எப்படித் தெரிந்தது? கேட்க வாய் வந்தது. கேட்கிற நேரமா அது?

"இப்ப எங்கக்கா?" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். பனைமரத்துக்கு அந்தப் பக்கம் கரை வளைந்துவிடுகிறது. கடைசி ஆளின் முதுகும் மறைந்துவிட்டது. மதகிலிருந்து பார்த்தால் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தண்ணீரும் பனைமரமும்தான்.

"சொல்லுங்கக்கா."

"தோள் மாத்திக்கறாங்க" என்றேன். "ஆத்தங்கரை ஏறிட்டாங்க. மெதுவாத்தான் போறாங்க, யாருக்கும் வழுக்கல. இந்தா, எறக்கறாங்க. ஒன் மகன் தலைமாட்டப் புடிச்சுக்கிட்டான்."

"சேறு படலயே?"

"துளிகூடப் படல" என்றேன்.